இந்தூரா, டெல்லியா? தறிக்காரர் வீட்டுக் கணக்கு

பிள்ளை பிளஸ் டூ நன்றாக எழுதியிருக்கிறான். வியாபார நிர்வாகம் படிக்க ஆசைப்படுகிறான். அதற்கென்று நடக்கும் அகில இந்தியப் பரீட்சைகள் இரண்டை எழுதியிருக்கிறான். இரண்டிலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. எதில் சேர்ப்பது?

பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்திலிருந்தோ, ராசிபுரத்துப் பக்கத்து மரவள்ளிக் காட்டிலிருந்தோ இப்படி ஒரு கேள்வி வரும் என்று இருபது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இன்று வருகிறது. நூல் இழை அறுந்தால் முடிச்சுப் போடும் கையிலிருந்தும், கிழங்கு பிடுங்கும் கையிலிருந்தும் வருகிறது. நமக்கு இது மிகுந்த சந்தோஷம். அதனால்தான் இந்தக் கேள்வியை வெறும் விளம்பரப் பலகைகளின் கையில் விட்டுவிடக் கூடாது என்கிறோம்.

நாமக்கல் ஜில்லாவுக்குப் பலகைகள் புதிதல்ல. விடுதிப் பள்ளிகள் மதிப்பெண் எண்களை எழுதி, பிள்ளைகளின் முகத்தை ஆளுயரத்துக்கு வரைந்து, சாலைக்குச் சாலை நட்ட காலம் உண்டு. 2017-ல் தமிழ்நாட்டு சர்க்கார் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. பலகைகள் நின்றனவா? இல்லை. எண்கள்தான் மாறின. முன்பு மதிப்பெண், இப்போது ‘பேக்கேஜ்’. அதாவது படித்து முடித்தால் கிடைக்கும் என்று சொல்லப்படும் வருஷச் சம்பளம்.

இந்த இரண்டு இடங்கள் எவை என்று முதலில் பார்ப்போம்.

ஒன்று, மத்தியப் பிரதேசத்தில் இந்தூரிலுள்ள ஐ.ஐ.எம். நிர்வாகப் படிப்புக்கென்று மத்திய சர்க்கார் 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் முதன்முதலாக இந்த ஸ்தாபனங்களைத் தொடங்கியது. இந்தூரில் 1996-ல் வந்தது. பட்டம் பெற்றவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டிருந்த இந்த வரிசையில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை நேரே எடுத்து ஐந்து வருஷம் படிக்க வைக்கும் வகுப்பை 2011-ல் முதலில் ஆரம்பித்தது இந்தூர்தான். ரோத்தக் 2019-ல் பின்தொடர்ந்தது. பிறகு ராஞ்சி, புத்த கயை, ஜம்மு என்று வரிசை நீண்டது.

மற்றொன்று, டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷஹீத் சுகதேவ் கல்லூரி. ரோகிணி என்ற இடத்தில் இருக்கிறது. 1987-ல் டெல்லி நிர்வாகத்தின் பணத்தில் தொடங்கப்பட்டது. பிறகு, 1931 மார்ச் 23 அன்று பகத் சிங்கோடும் ராஜகுருவோடும் தூக்கிலேறிய சுகதேவின் பெயரைச் சூட்டினார்கள். வியாபாரப் படிப்புக்கு அந்த வீரனின் பெயரா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இதே டெல்லியில் இதைவிடப் பிரசித்தி பெற்ற வணிகக் கல்லூரிக்கு யார் பெயர் என்று கேளுங்கள். லாலா ஸ்ரீராம், டெல்லி துணி ஆலை முதலாளி. 1926-ல் வந்த கல்லூரி அது. ஆலை மூடப்பட்டு வெகுகாலமாகிறது. கல்லூரி அமோகமாக நடக்கிறது. அமெரிக்காவில் 1881-ல் முதல் வியாபாரப் பள்ளியை வைத்த ஜோசப் வார்ட்டனும் இரும்பு, உருக்கு முதலாளிதான். மேஸ்திரி வேண்டுமென்றால் முதலாளியே பள்ளிக்கூடம் கட்டுவான் என்பது உலக வழக்கு.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார்: “அப்படியானால் நம் பிள்ளை ஏன் அங்கே போக வேண்டும்? நாளைக்கு நம் தலைமேல் கடிகாரம் பிடித்து நிற்கவா?”

நியாயமான கேள்விதான். ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கடிகாரம் தெரியும். ஒரு ஆளுக்கு இத்தனை பக்கம் என்றிருந்ததை இன்னும் கூட்டச் சொல்லி வந்த ‘வேலைப்பளு’ ஆராய்ச்சிகளுக்கெல்லாம் பாட்டனார் டெய்லர் என்ற அமெரிக்கர். அவர் அளவெடுத்த ஆலைகளில் ஒன்று அந்த வார்ட்டனுக்குப் பங்கிருந்த பெத்லஹேம் உருக்காலை. 1914-ல் லெனின் இந்த முறையை மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்குவது என்று சாடினார். 1918-ல், அதிகாரம் உழைப்பாளிகள் கைக்கு வந்த பிறகு, அதிலுள்ள விஞ்ஞானத்தைக் கற்றுக்கொண்டே தீர வேண்டும் என்றும் அவரே எழுதினார். சுரண்டலுக்குப் பயன்படுகிறதென்று கணக்குக் கல்வியை நாம் கைவிட முடியாது. கத்தி யார் கையில் இருக்கிறது என்பதே பிரச்னை.

நம் ஊரையே பாருங்கள். சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கு 1981-லிருந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவு சங்கம் இருக்கிறது. மோகனூரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. பால் கூட்டுறவு இருக்கிறது, நெசவாளர் சங்கங்கள் இருக்கின்றன. இவற்றில் நஷ்டம் என்று சொல்லும்போதெல்லாம், அந்தக் கணக்கைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த நம்மாள் எத்தனை பேர்? சேலம் உருக்காலையை விற்க 2019-ல் மத்திய சர்க்கார் விளம்பரம் கொடுத்தது. தொழிலாளிகள் வாசலில் நின்று போராடினார்கள். 2023 ஜனவரியில் அந்த விற்பனை முயற்சி கைவிடப்பட்டது. அந்தப் போராட்ட நாட்களில், ஆலையின் வரவு செலவு அறிக்கையை வரிக்கு வரி படித்து, ‘இந்த நஷ்டம் இந்தக் காரணத்தால் வந்தது’ என்று சொல்லக்கூடிய ஒரு வாலிபன் சங்கத்துக்குப் பத்து கூட்டத்துக்குச் சமம். ஆகவே பிள்ளை படிக்கட்டும். பெண்பிள்ளையும் படிக்கட்டும். மூன்று வருஷம் ஆலை விடுதியில் அடைத்து வைத்து, முடிவில் ஒரு தொகை கொடுத்து அதற்கு ‘சுமங்கலி’ என்று மங்களகரமாகப் பெயர் வைத்தவர்கள் இந்தப் பக்கத்து மில்காரர்கள். அதே மூன்று வருஷத்தில் அந்தப் பெண் ஒரு பட்டத்தோடு வெளியே வர முடியும்.

எங்கே படிப்பது என்பதுதான் விவகாரம்.

சாதாரணமாக இரண்டு கல்லூரிகளை எப்படி ஒப்பிடுகிறார்கள்? எது பெயர் பெற்றது, எதில் பேக்கேஜ் அதிகம் என்று. தறிக்காரர் யாரும் ஒரு தறிக்கூடத்தை அப்படிப் பார்க்க மாட்டார். கூலி எவ்வளவு என்று கேட்பார். அடுத்த வாயில், முன்பணம் எவ்வளவு என்று கேட்பார். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் முன்பணம் என்றால் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை. வாங்கும்போது அது உதவி. வாங்கிய பிறகு அது கயிறு. பக்கத்துக் கூடத்தில் கூலி உயர்ந்தாலும் போக முடியாது. இரவு ஷிப்டு வேண்டாம் என்று சொல்ல முடியாது. சங்கக் கூட்டத்துக்கு வரவும் யோசிக்க வேண்டியிருக்கும். கடன் எந்த மூலைக்கு மனிதனைத் தள்ளும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளிகள் கடனுக்காகச் சிறுநீரகம் கொடுத்த விவகாரம் 2025-ல் நாடே பேசி, உயர் நீதிமன்றம் வரை போனது.

கல்விக் கடனையும் இந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இந்தூரில் முதல் மூன்று வருஷத்துக்கு ஆண்டுக் கட்டணம் 5 லட்சம் அளவில் இருக்கிறது. கடைசி இரண்டு வருஷம் மேல்பட்டப் படிப்புக் கட்டணம். அது இன்னும் கனம். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஐந்து வருஷத்துக்கு 30 லட்சத்தைத் தாண்டிவிடும். சர்க்கார் ஸ்தாபனத்தில் ஏன் இத்தனை என்று கேட்கலாம். 2004 பிப்ரவரியில், பா.ஜ.க. ஆட்சியின் கல்வி மந்திரி முரளி மனோகர் ஜோஷி, ஐ.ஐ.எம். கட்டணத்தை வருஷம் ஒன்றரை லட்சம் அளவிலிருந்து 30,000 ரூபாய்க்குக் குறைக்க உத்தரவு போட்டார். அந்த மந்திரியின் மற்றக் காரியங்களோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அந்த உத்தரவுக்கு எதிராகக் கிளம்பிய கூச்சலைப் பார்த்தபோது, கட்டணம் குறைவதில் யாருக்கு வயிறு எரிகிறது என்பது தெரிந்தது. சில மாதங்களில் ஆட்சி மாறியது, உத்தரவும் போய்விட்டது. 2017-ல் வந்த ஐ.ஐ.எம். சட்டம், கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை அந்தந்த ஸ்தாபனத்தின் போர்டிடமே கொடுத்துவிட்டது.

வங்கிகள் கடன் தரும். சாதாரணமாக 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் அடமானம் கேட்பார்கள். ஐ.ஐ.எம். என்ற பெயரைக் கண்டால் அடமானம் கேளாமலே பெரிய தொகை தரும் திட்டங்களும் உண்டு. அதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் உடன் கடனாளி என்று தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும். கணக்குப் பாருங்கள். 25 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டுமே மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் ஓடும். பத்து வருஷத் தவணையில் அடைத்தால் மாதம் சுமார் 33,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை.

சுகதேவ் கல்லூரியில் கட்டணம் ஆயிரங்களில் எண்ணப்படுகிறது, லட்சங்களில் அல்ல. அங்கே செலவு டெல்லியில் குடியிருப்பதுதான். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 15,000 என்று தாராளமாகவே வைத்தாலும் மூன்று வருஷத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். முழுவதையும் கடன் வாங்கினாலும், 6 லட்சத்துக்கு அதே வட்டியில், அதே பத்து வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 8,000.

8,000 தவணை உள்ளவனுக்கும் 33,000 தவணை உள்ளவனுக்கும் ஒரே சுதந்திரமா இருக்கிறது? முதலாமவன் ஒரு கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கலாம், சர்க்கார் பரீட்சை எழுதக் காத்திருக்கலாம், பிடிக்காத கம்பெனியை விட்டு வெளியேறலாம். இரண்டாமவன் அதிகச் சம்பளம் கொடுப்பவன் யாரோ அவனிடம்தான் போக வேண்டும். அந்தக் கம்பெனி ஆட்குறைப்புப் பட்டியல் போடச் சொன்னால் போட வேண்டும். தறிக்கு முன்பணம் வாங்கிய அப்பனுக்கும் இவனுக்கும் சட்டைதான் வித்தியாசம்.

இந்தூருக்குச் சாதகமான பேச்சையும் கேட்டுவிடுவோம். அங்கே ஐந்து வருஷத்தில் மேல்பட்டமும் கிடைத்துவிடுகிறது. சுகதேவில் படித்தவன் அந்த மேல்பட்டம் வேண்டுமென்றால் ‘கேட்’ என்ற பரீட்சையை எழுதி, லட்சக்கணக்கானவர்களோடு மறுபடி மோத வேண்டும்; அப்போதும் அந்தப் பெரிய கட்டணம் காத்திருக்கும். உண்மை. ஆனால் அப்போது அவனுக்கு வயது இருபத்தொன்றோ, அதற்கு மேலோ. இரண்டு வருஷம் சம்பளம் வாங்கிப் பார்த்திருப்பான். உலகம் தெரிந்து, தன் கையெழுத்தில் கடன் வாங்குவான், அல்லது வேண்டாமென்பான். பதினேழு வயதில் பிள்ளைக்காகத் தகப்பன் முப்பது லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுவதும் அதுவும் ஒன்றல்ல. இந்தூரில் மூன்று வருஷத்தோடு பட்டம் வாங்கி வெளியேறலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். நடுவில் பணம் முட்டி அப்படி வெளியேறினால், கையில் ஒரு பி.ஏ. பட்டமும் தலையில் பதினைந்து லட்சமும்.

பேக்கேஜ் பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் சராசரி. நூறு பேர் வேலை செய்யும் மில்லில் 99 பேருக்கு மாதம் 15,000 சம்பளம், மானேஜருக்கு 5 லட்சம் என்றால், சராசரிச் சம்பளம் 19,850. அந்த 19,850-ஐ அந்த மில்லில் வாங்குகிறவன் ஒருவனும் இல்லை! இதுதான் சராசரியின் சூழ்ச்சி. சம்பளங்களை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பவன் வாங்குவது எவ்வளவு என்று கேட்க வேண்டும். மத்திய சர்க்காரின் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இந்த நடுச் சம்பளத்தைத் தங்கள் அறிக்கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

ஆகவே, உதவித்தொகை இல்லாத தறிக்காரர் வீட்டுக்கும், நிலமில்லாத விவசாயத் தொழிலாளி வீட்டுக்கும் நம் அபிப்பிராயம் ஒன்றே: டெல்லி. ஆனால் இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு உயர்தரக் கல்வி உதவித்தொகை என்று மத்திய சர்க்கார் திட்டம் ஒன்று இருக்கிறது. குடும்ப வருமானம் வருஷம் 8 லட்சத்துக்குள் இருந்தால், பட்டியலிலுள்ள ஸ்தாபனங்களில் படிப்புக் கட்டணத்தையே அது ஏற்கிறது; ஐ.ஐ.எம்.கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எல்லோருக்கும் கிடைக்காது, ஸ்தாபனத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். அது உறுதியாகக் கிடைக்குமானால், ராசிபுரம் சேரியிலிருந்து போகும் பிள்ளை தயங்காமல் இந்தூர் போகட்டும். முன்பணம் இல்லாத தறி அது. சேரும் முன்பே உதவித்தொகை உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும், வாய்வார்த்தை போதாது. மற்றவர்களுக்கு 2024 நவம்பரில் வந்த வித்யாலட்சுமி திட்டம் 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீதம் வட்டிச் சலுகை தருகிறது. வட்டியில் கொஞ்சம் குறையும். அசல் அப்படியேதான் நிற்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு கசப்பான விஷயம். டெல்லிக் கல்லூரியின் கட்டணம் குறைவு, கதவு குறுகல். 2022 முதல் அங்கே சேர க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளை இது பின்னுக்குத் தள்ளுகிறதென்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022 ஏப்ரலில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் சரிதான். ஆனால் தேர்வு நிற்கவில்லை. நம் பிள்ளை எழுதித்தான் ஆக வேண்டும். க்யூட் வினாத்தாள் தமிழிலும் உண்டு. இந்தூர் நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். சுகதேவ் கல்லூரியின் நிர்வாகப் பட்டத்துக்குக் கணக்குத் தாள் எழுதியே தீர வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். பத்தாவது முடிந்ததும், ‘வணிகப் பிரிவுக்குக் கணக்கு எதற்கு’ என்று கணக்கில்லாத பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து டெல்லிக் கதவு அடைத்திருப்பது தெரிகிறது. பிளஸ் ஒன் சேர்க்கும்போதே தலைமையாசிரியரிடம் கணக்குப் பாடம் கேட்டு வாங்குங்கள். பிற்பட்ட வகுப்பினர் மத்திய சர்க்கார் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். மாநிலச் சான்றிதழ் அங்கே செல்லாது. தாசில்தார் அலுவலகத்தில் அது ஒரே நாளில் வருவதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டு இடமும் கிடைக்காத பிள்ளை? அந்தப் பிள்ளைகள்தான் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேர். சேலத்திலும் நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் குமாரபாளையத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சில ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் பி.காம். படிக்கலாம். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்கு 2022 முதலும், பையன்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் தரும் மாநிலத் திட்டங்கள் வந்தன. நாட்டின் முதல் நூறு கல்லூரிகள் என்று மத்திய சர்க்கார் போடும் பட்டியலில் மூன்றிலொரு பங்கை ஒட்டித் தமிழ்நாட்டுக் கல்லூரிகள். ஆக, இந்தூருக்கும் டெல்லிக்கும் ரயிலேறாத பிள்ளை தோற்றுப்போன பிள்ளை அல்ல. தோற்றுப்போயிருப்பது வேறொன்று: இந்தக் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் இடங்களைக் காலியாக வைத்து, தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே ஓட்டும் கொள்கை. பெயரில் கௌரவம், சம்பளத்தில் தினக்கூலி! அந்த ஆசிரியர்கள் தெருவில் உட்காரும்போது நம் சங்கங்கள் அவர்களோடு உட்கார வேண்டும். அவர்கள் கேட்பது அவர்களுக்காக மட்டுமல்ல.

சேலம் உருக்காலை, சேகோசர்வ், தறிகள், லாரிகள், கோழிப் பண்ணைகள் எல்லாம் இருக்கும் இந்தப் பூமியில், கூட்டுறவு நிர்வாகமும் ஆலைக் கணக்கும் சொல்லிக் கொடுக்கும் நல்ல சர்க்கார் நிர்வாகப் பட்டப் படிப்பு ஒன்று பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வலுவாக நடக்க வேண்டும். குமாரபாளையத்திலேயே நடக்க வேண்டும். நிரந்தர ஆசிரியர்களோடு, விடுதியோடு. இதை நாம் கோரிக்கையாக வைக்கிறோம். வருகிற தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தக் கொடியானாலும், இதைக் கேளுங்கள்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. சங்க அலுவலகத்தில் ஒரு மேஜை போட்டு, விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த கல்லூரி வாலிபர் ஒருவரை உட்கார வைக்கலாம். சான்றிதழ், நுழைவுத் தேர்வுத் தேதி, உதவித்தொகைப் படிவம், வங்கிக் கடன் தாளிலுள்ள சிறிய எழுத்து, எல்லாவற்றையும் அவர் படித்துச் சொல்லட்டும். தறி நிற்கும் கிழமையில் வைத்தால் தாய்மார்களும் வர வசதியாக இருக்கும்.